எழுதாமல் விட்ட கல்லூரி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில், டீக்கடைக்கும் டூவீலர் மெக்கானிக் கடைக்கும் நடுவே, ஒரு ஷட்டர் அகலத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் சொந்தக்காரி மஹ்பூபா. நாற்பத்து நான்கு வயது. பட்டா மனுவும் சாதிச் சான்றிதழும் வருஷம் முழுக்க வருகிற பிழைப்பு. ஆனால் ஊர் அவளை மதிப்பது ஜூலை மாதத்துக்காக. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டிய மாதம் அது. அந்த வரிசையை எழுதித் தருவதற்கு மஹ்பூபாவை விட்டால் ஆள் இல்லை என்பது சுற்றுவட்டாரத்தில் முடிந்துபோன பேச்சு.

அந்த மதிப்புக்குக் காரணம் ஒரு நீல அட்டை நோட்டு. தன்னிடம் வந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பள்ளி, இட ஒதுக்கீட்டுப் பிரிவு, இருநூறுக்கு எத்தனை கட்-ஆஃப், கடைசியில் எந்தக் கல்லூரி கிடைத்தது என்பதையெல்லாம் ஏழு வருஷமாக அதில் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள். ஐந்நூற்றுச் சொச்சம் பெயர்கள். மார்க்கைச் சொன்னதும் நோட்டைப் புரட்டுவாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு, "நூத்தி அறுபத்தெட்டா? நம்ம ஊருது நிச்சயம். வேலூர்ல ஒண்ணு, பாதிக்குப் பாதி. அதுக்கு மேல வேணாம்" என்பாள். சொன்னது சொன்னபடி நடக்கும். ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. ஏன் தப்பவில்லை என்று அவளும் யோசிக்கவில்லை, அவளிடம் வந்தவர்களும் யோசிக்கவில்லை.

இந்த நோட்டு பிறந்ததே ஒரு அழுகையில்தான். கலந்தாய்வு கம்ப்யூட்டருக்கு வந்த புதிதில் வளவன் என்று ஒரு பையன் வந்தான். நல்ல மார்க். சென்னையின் பெரிய பெரிய கல்லூரிகளாக ஐந்தே ஐந்தை எழுதச் சொன்னான், அவளும் எழுதிக் கொடுத்தாள். ஐந்தும் கைக்கு எட்டாதவை. அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல், பிறகு மிச்சம் மீதி இருந்ததில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். அவன் அப்பா இந்தக் கடை வாசலில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதார். அன்றைக்கு மஹ்பூபா முடிவு கட்டினாள், கிடைக்காததை இனி யாருக்கும் எழுதுவதில்லை என்று. நல்ல மனசோடுதான் முடிவு கட்டினாள். அந்த நல்ல மனசு செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த வருஷம் வரிசையை எழுதி முடிக்கக் கடைசி நாள் பௌர்ணமியில் வந்து விழுந்தது. காலையிலிருந்தே மலை சுற்ற வருகிற கூட்டம். வெளியூர் பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மஹ்பூபாவின் மகள் நூரைனுக்குக் கல்லூரி பஸ் வரவில்லை. அவள் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். லீவு போட்டுவிட்டு அம்மாவுக்கு ஒத்தாசையாக ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தாள்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் இரண்டரை மணிக்கு ராமதாஸ் வந்தார். அடி அண்ணாமலைக்காரர். இரண்டு ஏக்கர் நிலம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர் வியாபாரம். அன்றைக்கு அவர் கடையை விட்டு வருவது என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. தம்பியை உட்கார வைத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பாதி மலையைச் சுற்றி நடந்தே வந்திருந்தார். கூடவே மகள் கவிநிலா. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிப் படிப்பு. கட்-ஆஃப் நூற்று எழுபத்தாறரை.

"அஞ்சு மணிக்குள்ள முடிச்சிக் குடுத்துடும்மா. இந்தா, இதுல எல்லாம் எழுதிக் குடுத்துட்டாங்க. இத அப்படியே போட்டா போதும்" என்று ராமதாஸ் வழவழப்பான ஒரு தாளை நீட்டினார்.

மஹ்பூபா வாங்கிப் பார்த்தாள். ஒன்பது கல்லூரிகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஸ்கெட்ச் பேனாவில் ஒரு புள்ளி. முதல் ஐந்துக்குச் சிவப்பு. மூன்றுக்கு மஞ்சள். கடைசியாக ஒன்றே ஒன்றுக்குப் பச்சை, அதுவும் மற்ற புள்ளிகளைவிடப் பெரிதாக.

"யாரு குடுத்தது இத?"

"பரசுராமன்னு ஒரு சாரு. கல்யாண மண்டபத்துல வழிகாட்டி முகாம் போட்டாரு. சிவப்புன்னா சான்ஸே இல்லியாம். எழுதவே கூடாதாம்."

"பச்சை வெச்ச காலேஜ் பேரு அந்த மண்டபத்துல எங்கனா எழுதியிருந்துதா?"

"பேனர்ல இருந்துதுக்கா" என்றாள் கவிநிலா. "குடுத்த பையில, பேனாவுல, தண்ணி பாட்டில்லகூட இருந்துது."

மஹ்பூபாவுக்குக் கோபம் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும், தேட வேண்டியதில்லை. "எந்த லிஸ்ட்டப் பாத்து இந்தச் சிவப்ப வெச்சான் அவன்?"

"எந்த லிஸ்ட்டும் பாக்கலக்கா. மார்க் கேட்டாரு. எந்த ஊருன்னு கேட்டாரு. அப்பா என்ன பண்றாருன்னு கேட்டாரு. புள்ளி வெச்சாரு."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு மஹ்பூபா மேசையைத் தட்டினாள். அப்பன் இளநீர் வெட்டுகிறவன் என்றால் மகளுக்குச் சிவப்பு. இதற்கு ஒரு மண்டபம், ஒரு மைக், ஒரு பேனர். பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பை ஒரு ஸ்கெட்ச் பேனா முனையில் முடித்து அனுப்புகிறான், அதற்கு அந்தப் பிள்ளை நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டித் தீர்த்தாள். திட்டியதில் தப்பே இல்லை. அந்த ஆளுக்கு அதற்கு மேலும் வேண்டும்.

"நான் காட்டறேன் உனக்கு. இவனுங்கள மாதிரி புள்ளி வெக்கற ஆளு இல்ல நான். ஏழு வருஷக் கணக்கு இருக்குது என்கிட்ட" என்று நீல நோட்டை எடுத்துக் கவிநிலாவின் முன்னால் விரித்து வைத்தாள்.

கவிநிலா நின்றபடியே படித்தாள். வேகமாகப் படிக்கிற பிள்ளை. பக்கம் பக்கமாகத் தள்ளினாள். அரசுப் பள்ளிகளின் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் விரலை வைத்துக் குறுக்கே ஓட்டிக் கல்லூரியின் பெயரைப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வரை போனாள்.

"அக்கா, அந்தச் சாரு சிவப்பு வெச்ச அஞ்சு காலேஜும் உங்க நோட்டுலயும் இல்லக்கா. எங்க மாதிரி ஸ்கூல்ல படிச்சவங்க ஒருத்தருக்குகூட இல்ல."

"கெடைக்கலம்மா, அதான் இல்ல."

"கேட்டாங்களாக்கா?"

மஹ்பூபா நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

கேட்கவில்லை. ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க அவள் விடவில்லை. நோட்டைப் பார்த்து, இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை, அதனால் உனக்கும் எழுத வேண்டாம் என்று சொன்னாள். எழுதாததால் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை மறுபடி நோட்டில் எழுதினாள். அடுத்த வருஷம் அதையே பார்த்து அடுத்த பிள்ளைக்கும் வேண்டாம் என்றாள். சொன்னது சொன்னபடி நடந்த ரகசியம் இவ்வளவுதான். அந்த வரிசை எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியாததும் இல்லை. கம்ப்யூட்டர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும், இல்லையென்றால் அடுத்ததற்கு இறங்கும். மேலே எட்டாததை எழுதினால் கீழே இருப்பது குறைந்துபோகாது. வளவன் தோற்றது பெரிய கல்லூரிகளை எழுதியதால் அல்ல, அதற்குக் கீழே வேறு எதையும் எழுதாததால். அன்றைக்கு வளர்த்திருக்க வேண்டியது வரிசையின் வாலை. அவள் தலையை வெட்டிவிட்டாள், ஐந்நூறு பேருக்கும் சேர்த்து.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் தனியாக ஒதுக்கி நான்கு வருஷம் ஆகிறது. அவர்களுக்குத் தரவரிசையும் தனி. அந்த இடத்தில் சேர்ந்தால் ஃபீஸ் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் பக்கத்துக் கல்லூரியே ஃபீஸ் இல்லாமல் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். அந்தத் தனி வரிசையில் பெரிய கல்லூரிகளின் கடைசி மார்க் எவ்வளவு என்று மட்டும் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. நோட்டு இருக்கும்போது எதற்கு என்ற நினைப்பு. இப்போது போன வருஷப் பட்டியலைத் திறந்தாள். சிவப்புப் புள்ளி வைத்த முதல் கல்லூரி, சென்னையில் எல்லோரும் வாயைப் பிளக்கிற அந்தக் கல்லூரி. சிவில் இன்ஜினீயரிங். கவிநிலாவின் பிரிவு. கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க் நூற்று எழுபத்து நான்கு.

"உனக்கு எவ்ளோ?" என்று தெரிந்தே கேட்டாள்.

"நூத்தி எழுபத்தாறரை."

மஹ்பூபா தலையில் அடித்துக்கொண்டாள். பரசுராமன் ஒரு மண்டபத்தில் ஒரு நாள் வைத்த புள்ளியை அவள் இந்தக் கடையில் வருஷா வருஷம் வைத்திருக்கிறாள். அவனாவது கமிஷனுக்காக வைத்தான். அவள் காசு வாங்காமல் வைத்தாள். தான் செய்வது நல்லது என்று நினைத்தும் வைத்தாள். யார் மேல் அதிகமாகக் கோபப்படுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உக்காரு. உனக்குப் புடிச்சத மேல இருந்து சொல்லு. அம்பதானாலும் எழுதலாம். எது வருமோ எது வராதோன்னு நீயும் பாக்காத, நானும் பாக்க மாட்டேன்" என்றாள்.

நாலே முக்காலுக்குள் நாற்பத்திரண்டு எழுதினார்கள். முதலில் அந்தக் கல்லூரியின் சிவில். நாற்பத்திரண்டாவதாக உள்ளூர்க் கல்லூரி. வரிசையைப் பூட்ட வேண்டும் என்றால் ராமதாஸின் ஃபோனுக்கு ஒரு எண் வரும், அதை அடிக்க வேண்டும். பட்டனைத் தட்டினாள். ராமதாஸின் ஃபோன் மணி அடித்தது. அவர் திரையைப் பார்த்தார். சொல்லவில்லை.

"நம்பர் சொல்லுண்ணா."

"அந்தச் சாரு சொன்னாரும்மா. சிவப்ப எழுதினா கம்ப்யூட்டர் மொத்த லிஸ்ட்டயும் தள்ளி வுட்டுடும்னு. பேராசைப்பட்டு உள்ளதும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"பஸ் ஸ்டாண்டுல மெட்ராஸ் பஸ்ல சீட்டு இருக்குதான்னு நீ கேக்கறண்ணா. இல்லன்னா வேலூர் பஸ்ல ஏறிக்கற. கேட்டதுக்காக வேலூர் பஸ் போயிடுமா?"

"போயிடும். எனக்கே எத்தினியோ தடவ போயிருக்குது."

நூரைன் தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். மஹ்பூபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் நாலே முக்காலைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணுக்கும் ஆயுசு பத்து நிமிஷம்தான்.

"சரி, உன் கடைக்கே வர்றேன். ஒருத்தன் வந்து செவ்விளநீர் இருக்குதான்னு கேக்கறான். இல்லன்னு சொல்ற. சரி, பச்சையே வெட்டுங்கன்றான். நீ செவ்விளநீர் கேட்ட இல்ல, உனக்குப் பச்சையும் கெடையாது போடான்னு சொல்லுவியா?"

"அது எப்டி சொல்றது? வெட்டித்தான் குடுப்பேன்."

"கம்ப்யூட்டரும் வெட்டித்தான் குடுக்கும். ஆனா கேக்காதவனுக்குச் செவ்விளநீர எவனும் தேடி எடுத்துட்டு வந்து குடுக்க மாட்டான். இத்தினி வருஷமா நான் எல்லாப் புள்ளைங்களையும் வாய மூடிட்டு பச்சையக் கேளுன்னு சொல்லிட்டேண்ணா. உன் பொண்ணு கேக்கட்டும்."

ராமதாஸ் மகளைப் பார்த்தார். கவிநிலா அப்பாவைப் பார்க்கவில்லை. திரையில் முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஃபோனை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். மஹ்பூபா அடித்தாள். வரிசை பூட்டிக்கொண்டது.

அவர்கள் போன பிறகு மஹ்பூபா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்று நினைவுக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் நூரைன் உட்கார்ந்து தன் வரிசையைத் தானே அடித்துக்கொண்டிருந்தாள். அவளும் ஆறிலிருந்து அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவள்தான். முதல் வரியில் அந்தச் சென்னைக் கல்லூரியை எழுதியிருந்தாள். மஹ்பூபா டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே மவுஸை வாங்கி அந்த வரியை அழித்தாள். நூரைன் ஒன்றும் பேசவில்லை. அதனால் அது ஒரு விஷயமாகவே அப்போது தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கவிநிலாவுக்கு வந்தது. முதல் வரி. சிவில். ராமதாஸ் ஒரு குலை செவ்விளநீரைக் கொண்டுவந்து கடையில் இறக்கிவிட்டு, "பேரு நோட்டுல ஏறுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மஹ்பூபா அவர் எதிரில் சிரித்தாள். அவர் தலை மறைந்ததும் நோட்டை எடுத்து, தனி ஒதுக்கீடு வந்ததற்குப் பிறகான பக்கங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். சிவப்பு மையில் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்கிற பெயர்கள் பன்னிரண்டு. இரண்டு பேர் கம்பெனி எதிலும் வேலை கிடைக்காமல் லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒருத்தன் படிப்பையே பாதியில் விட்டவன். அவர்கள் எல்லோரும் இந்தக் கடைக்கு வந்து, "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்.

அவள் ஃபோனை எடுத்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். நான் உன்னைத் தப்பாக எழுத வைத்தேன், உன் மார்க்குக்கு அது கிடைத்திருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னாள். சிலர் பரவாயில்லக்கா என்றார்கள். ஒருத்தி அழுதாள். படிப்பை விட்டவன், "இத இப்ப எதுக்குக்கா சொல்றீங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். "உன் தம்பி பிளஸ் ஒன் படிக்கறான் இல்ல, அவன கேக்க வெக்கறதுக்கு" என்றாள். அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

பதினோரு பேரிடம் பேசி முடித்தாள். பன்னிரண்டாவது பெயருக்கு ஃபோன் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நூரைன் கடையில்தான் இருந்தாள்.

"நூரைன். நீ எழுதின வருஷத்து லிஸ்ட்ட இப்பதான் பாத்தேன், அந்த மெட்ராஸ் காலேஜுக்கு. நம்ம பிரிவுல கடைசி ஆளு நூத்தி எழுபத்தொம்பது. நீ நூத்தி எண்பத்தொண்ணு."

நூரைன் பின் அடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் அம்மி."

"எப்பலேருந்து?"

"லிஸ்ட் வந்த அன்னிக்கே பாத்தேன்."

மூன்று வருஷம். தினமும் நான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போய் வந்த மூன்று வருஷமும் இந்தப் பெண்ணுக்குத் தெரியும். "ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அழ வேண்டியவ நானு. எனக்கு அழுகை வரும்போது உன்ன ஒக்கார வெச்சு சமாதானம் பண்ண என்னால முடியாதுன்னு வுட்டுட்டேன்." அவள் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா எனக்குப் பின்னாடி வந்தவங்களுக்காவது சொல்லியிருக்கணும். அத நெனச்சாதான் எனக்கு என் மேலயே கோவமா வருது."

மஹ்பூபா அழவில்லை. அழ இப்போது தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. நோட்டைத் திறந்து மகளிடம் தள்ளினாள். "கெடச்சதுன்னு ஒரு கட்டம் இருக்குது. அதுக்கு முன்னாடி இன்னொரு கட்டம் போடு. கேட்டதுன்னு எழுது. எல்லாப் பக்கத்துலயும்."

நூரைன் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தாள். பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் பெயர் இருந்த பக்கம் வந்ததும் நின்றாள். தன் பெயருக்கு நேரே, புதுக் கட்டத்தில், அந்தக் கல்லூரியின் பெயரை முழுசாக எழுதினாள். பிறகு நோட்டை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இத அழிச்சிடாத" என்றாள்.